ஆவன என்றால் எது?

நகராட்சி அலுவலகத்தில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் தெரியும். மற்றபடி அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் அவள் முத்திரை அக்கா. பத்தொன்பது வருடமாக அந்த ஜன்னலில் மனு வாங்குகிறாள். வாங்கிய மனுவின் தலையில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்த வேண்டும், எண் போட வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும், பிறகு மனு கொடுத்தவருக்கு ஒரு பதில் கடிதம் போட வேண்டும். அவள் குத்துகிற குத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் தேநீர் தளும்பும். அவளுடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருப்பதற்கு அந்த முத்திரைதான் காரணம் என்று அவள் வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார்.

இப்படி ஒழுங்காகக் குத்திக்கொண்டிருந்தவளுக்கு முப்பத்தேழு வயதில் படிப்பு ஆசை வந்து, மாலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் இளங்கலையில் போய்ச் சேர்ந்தாள். ஏன் அரசியல் அறிவியல் என்று கேட்காதவர்கள் கிடையாது. “அரசியல் சரி, அதுல அறிவியல் எங்க இருக்கு?” என்றார் வீட்டுக்காரர். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கழற்றிப் பார்க்க முடியாத எதையும் நம்ப மாட்டார். நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போய், “பொண்ணுக்கு டிபன் கட்டுற கையோட அண்ணி தனக்கும் ஒண்ணு கட்டிக்கிட்டுக் காலேஜ் கிளம்புறாங்க” என்று சொந்தபந்தம் முழுக்கச் செய்தி பரப்பினாள். எல்லாருக்கும் முத்திரை அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“இத்தன வருஷமா மனு வாங்குறேன். இதெல்லாம் கடைசியா யாருகிட்ட போய் நிக்குதுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுக்கணும்.”

படிப்பு ஓடியது. நடுவில் மாமனார் படுத்த படுக்கையாகி, அவரைப் பார்த்துக்கொண்டதில் இரண்டு வருடம் முழுசாகப் போய்விட்டது. இப்போது நாற்பத்திரண்டு வயதில் கடைசி வருடத்துக்கு வந்து நிற்கிறாள். மாலைக் கல்லூரி விதி கறாரானது. சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் முடிக்கவில்லை என்றால் பதிவு ரத்து. எழுதிய தேர்வு, வாங்கிய மதிப்பெண் அத்தனையும் ரத்து. அவளுக்கு இது ஐந்தாவது வருடம்.

பாக்கி இருந்தது ஆய்வேடு ஒன்றுதான். அதற்கு முதல் படி, துறையில் இருக்கும் ஆசிரியர் யாராவது நெறியாளராக இருக்கச் சம்மதித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தப் படிவம் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆக, ஐந்து வருடப் பாடும் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முத்திரை அக்கா அசரவில்லை. படிவம் கைக்கு வந்த அன்றே தலைப்பை எழுதிவிட்டாள். ‘மக்களாட்சியில் குடிமக்களின் பங்கு: ஒரு முழுமையான ஆய்வு.’ மறுநாள் காலைப் பலகாரம் சாப்பிடும்போது மகளிடம் பெருமையாக வாசித்துக் காட்டினாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“முழுமையானன்னா எவ்ளோம்மா? உலகம் பூராவா?”

“எழுத எழுதத் தெரியும். நீ முதல்ல தட்டுல இருக்கிறத முழுமையா சாப்பிடு.”

அன்று மாலையே துறைத்தலைவர் அறைக்குப் போனாள். மனிதர் தங்கமானவர். உட்காரச் சொன்னார், தலைப்பைப் படித்தார், நல்ல தலைப்பு என்றார், குடும்பத்தை விசாரித்தார். கடைசியில் படிவத்தை மேசையின் இந்தப் பக்கமே தள்ளி வைத்துவிட்டு, “பாக்கலாம்மா” என்றார். அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு ‘பாக்கலாம்’ என்ற சொல்லுக்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்தவர் வெளியுறவுப் பாடம் நடத்துகிற ஆசிரியர். அவர் தலைப்பைப் பார்த்துச் சிரித்தே விட்டார். “இது ஏழு பேர் சேர்ந்து எழுத வேண்டிய புஸ்தகம்மா. எனக்கு இதுல பழக்கமும் இல்ல. தேர்தல் பாடம் எடுக்கிறாரே, அவரப் பாருங்க” என்றார். தேர்தல் பாட ஆசிரியரின் அறைக் கதவில் ‘இதோ வந்துவிடுவேன்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று மாலை போய் அந்தத் தாளைத்தான் பார்த்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் வராந்தாவில் ஆளையே மடக்கினாள். “எனக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க. வெளியுறவு சாரக் கேட்டீங்களா?” என்றார் அவர், நடையை நிறுத்தாமலே.

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆளை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று பந்தாடுகிறார்களே என்று வாயைத் திறக்கப் போனவளுக்கு, ‘இது இந்த ஜன்னல் இல்லீங்க, அஞ்சாம் நம்பருக்குப் போங்க’ என்று தான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்பது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வாயை மூடிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன இளம் ஆசிரியை, வயது முப்பது இருந்தால் அதிகம். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சிவப்பு மை. கட்டுரை எழுதிக் கொடுத்தால் நீல எழுத்தைவிடச் சிவப்பு எழுத்து அதிகமாகத் திரும்பி வரும். அவளிடம் ஆய்வேடு எழுத ஒரே ஒரு மாணவன் சேர்ந்திருந்தான். அவனும் தலைப்பை மூன்று முறை மாற்றி எழுதினானாம். மற்றவர்கள் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

நேரில் போக முத்திரை அக்காவுக்கே கொஞ்சம் உதறல். கடிதம் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம், படித்துவிட்டுக் கூப்பிட்டால் போகலாம் என்று முடிவு செய்தாள். மதிய இடைவேளையில் ஜன்னலைச் சாத்திவிட்டு அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். கடிதம் எழுதுவதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை ஆயிற்றே. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் இடம் பிசகாமல் விழுந்தன. ‘பொருள்: ஆய்வேடு, நெறியாளர் இசைவு வேண்டுதல் தொடர்பாக. பார்வை: துறை அறிவிப்புப் பலகை. மேற்காணும் பொருள் தொடர்பாகத் தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ தலைப்பை நகல் எடுத்து இணைத்தாள். மடித்தாள். மாலையில் கொண்டுபோய்ச் சிவப்பு மையின் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் பொறி தட்டியது. எழுதி முடித்ததும் வலது கை என்ன செய்தது? எழுந்து நின்றாள். பேருந்தை நிறுத்தி என்ன பிரயோசனம், கடிதம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதே. வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

“நீ குடுத்த மனுவ நீயே வாங்கி நீயே சீல் குத்திட்டியா? நம்பரும் போட்டியா?”

“போட்டிருக்கேன்” என்றாள் அவள். அவமானத்தில் காது சுட்டது.

திங்கட்கிழமை துறையின் கடிதப் பெட்டியில் அது திரும்பி வந்திருந்தது. நகராட்சி முத்திரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், ‘பெறப்பட்டது – யாரால்? நான் இப்போதுதானே பார்க்கிறேன்?’ என்று குறிப்பு. அதுகூடப் பரவாயில்லை. ‘ஆவன’ என்ற சொல்லை இரண்டு தடவை வட்டமிட்டு, ‘ஆவன என்றால் எது? யார், எதை, எப்போது செய்ய வேண்டும்?’ என்று எழுதியிருந்தது. தலைப்புக்குக் கீழே ஒரு கோடு. கடைசியில் இரண்டே வரி. ‘தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. கேள்வி கிடைத்தால் வியாழன் மாலை ஆறு மணிக்கு வாருங்கள்.’

வியாழனுக்கு மறுநாள் வெள்ளி. அதுதான் கடைசி நாள்.

கேள்வி, கேள்வி என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். நூலகத்தில் நான்கு புத்தகம் எடுத்துப் புரட்டினாள். புத்தகத்தில் இருக்கும் கேள்விக்கெல்லாம் புத்தகத்திலேயே பதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அதே குழப்பத்தோடு ஜன்னலைத் திறந்தபோது, முதல் ஆளாகத் தையல்கடை அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளை முத்திரை அக்காவுக்குத் தெரியும். கடை வாசலில் இருக்கும் தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவள். கையில் நான்காவது மனு. அதோடு ஏற்கெனவே வந்த மூன்று பதில் கடிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். மூன்றிலும் ஒரே வாசகம். ‘தங்கள் மனு பெறப்பட்டது. ஆவன செய்யப்படும்.’ கீழே முத்திரை அக்காவின் கையெழுத்து.

முத்திரையை எடுத்தவள் குத்தாமல் கீழே வைத்தாள். ‘ஆவன’ இருந்த இடத்தில் சிவப்பு வட்டம் தெரிகிற மாதிரியே இருந்தது.

“ஏங்க, முதல் தடவ இந்த லெட்டர் வந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?” என்று கேட்டாள்.

தையல்கடை அம்மாவுக்கு இது எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

“சந்தோஷமா இருந்துச்சு. கடைல எல்லாருக்கும் காட்டினேன். நாளைக்கே ஆள் வந்துடும், ஏணி நிறுத்த எடம் வேணுமேன்னு, கம்பத்துக்குக் கீழ இருந்த என் பழைய மெஷினையும் சைக்கிளையும் நகத்தி வெச்சேன். ஒரு வாரம் அப்படியே விட்டு வெச்சிருந்தேன்.”

முத்திரை அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இவள் எழுதுகிற வாசகத்தை நம்பி ஒருத்தி ஏணிக்கு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறாள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, “இந்தத் தடவ பதில் போட ரெண்டு நாள் ஆகும். ஆனா சரியா போடறேன்” என்றாள். தையல்கடை அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

கேள்வி கிடைத்துவிட்டது. ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் போன பிறகு என்ன ஆகிறது? உலகம் பூராவும் வேண்டாம், மக்களாட்சி முழுசும் வேண்டாம். இந்த ஒரு ஊரில், தெருவிளக்கு மனுவில், ஒரே ஒரு வருடத்தில் என்ன ஆனது? மனு வந்த தேதி அவள் பதிவேட்டில் இருக்கிறது. விளக்கு எரிந்த தேதி மின்பிரிவின் வேலைப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்தில் அதை யாரும் செய்ததில்லை.

பார்க்க அனுமதி வேண்டும். கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள். அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான். அதுவரை எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதே அவருடைய ஒரே கொள்கை.

“உள்ள இருக்கிறத வெளிய கொண்டுபோயி நம்ம மானத்த வாங்கப் போறியாம்மா?”

“ஊர் பேரோ ஆள் பேரோ வராது சார். தேதி மட்டும்தான் எடுத்துக்கறேன்.”

“சரி, பாக்கலாம்.”

“பாக்கலாம்னா எப்போ சார்?”

அவர் தலையைத் தூக்கினார். அந்த அறையில் அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. முத்திரை அக்கா நகரவில்லை. எழுத்து மூலமாகக் கேட்கச் சொன்னார், எழுதித் தயாராக வைத்திருந்த தாளை நீட்டினாள். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார், மனுதாரர் கேட்டால் பதிவேட்டைக் காட்டலாம் என்ற விதி இருக்கும் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். கடைசியில் பேனாவைத் திறந்து, ‘பெயர்கள் இன்றி’ என்று ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்.

“ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோ. பதில் கடிதம் பூரா உன் கையெழுத்து. நாளைக்கு எதுவா இருந்தாலும் உன் தலையிலதான் வந்து விடியும்” என்றார். மனிதர் பயமுறுத்தவில்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

புதன், வியாழன் இரண்டு மதியமும் சாப்பாட்டை ஓரங்கட்டிவிட்டு மின்பிரிவில் உட்கார்ந்தாள். சோதனைக்கு நாற்பது மனுவை எடுத்துக்கொண்டாள். நாற்பதில் ஒரு மாதத்துக்குள் விளக்கு எரிந்தது ஒன்பதுக்கு. அந்த ஒன்பதிலும் ஏழு பேர் நேரில் வந்து மின்பிரிவு வாசலில் சத்தம் போட்டவர்கள். பக்கத்து அலமாரியில் பழைய பதிவேடுகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பத்து வருடத்துக்கு முந்திய ஒன்றை உருவினாள். அதிலும் நாற்பது எடுத்தாள். ஒரு மாதத்துக்குள் எரிந்தது இருபத்தாறு.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? பழைய பதில் கடிதங்களின் நகலைப் பார்த்தாள். அப்போது ‘ஆவன’ இல்லை. ‘மின்பிரிவு உதவியாளர் இன்ன தேதியில் வந்து பார்ப்பார்’ என்று ஒவ்வொன்றிலும் அவள் கையாலேயே எழுதியிருந்தது. தேதி போட வேண்டுமானால் மின்பிரிவுக்கு நடந்துபோய்க் கேட்க வேண்டும். கேட்டால் அவர்கள் ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் போயாக வேண்டும்.

அதை மாற்றியது யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், மனு குவிந்துபோய் கை வலித்த ஒரு மழைக்காலத்தில், எல்லாருக்கும் பொதுவாக ஒரே வாசகத்தை அச்சடித்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம் என்று யோசனை சொன்னது அவள்தான். ‘ஆவன செய்யப்படும்’ அவள் எழுதிக் கொடுத்த வாசகம். அப்போதிருந்த கண்காணிப்பாளர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

பதிவேட்டை மூடினாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பழைய பதிவேட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, இந்த வருடக் கணக்கை மட்டும் எழுதினால் போதும். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆனால் இரண்டு கணக்கையும்தான் தாளில் எழுதிக்கொண்டாள்.

வியாழன் மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சிவப்பு மையின் கதவைத் தட்டினாள். சின்ன அறை. நாற்காலி இரண்டு, அதில் ஒன்றில் விடைத்தாள் கட்டு. ஆசிரியை கட்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். நேரில் பார்க்கச் சின்னப் பெண்ணாகத்தான் இருந்தாள். விரலில் சிவப்புக் கறை.

“கேள்வி கிடைச்சுதா?”

“கிடைச்சுது மேடம்.” முத்திரை அக்கா கேள்வியைச் சொன்னாள். இரண்டு நாற்பதையும் சொன்னாள், ஒன்பது, இருபத்தாறு என்ற எண்களைச் சொன்னாள், முழுசாகச் செய்தால் வருடத்துக்கு இருநூறு மனு வரும், நான்கு மாதத்தில் முடிக்கலாம் என்றாள். ஆசிரியை குறுக்கே பேசவில்லை. தாளை வாங்கி எண்களின் மேல் பேனாவை ஓட்டினாள். அந்தப் பேனா இவ்வளவு நேரம் ஒரு வட்டம்கூடப் போடாமல் இருந்தது முத்திரை அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“நடுவுல பதில் வாசகம் மாறியிருக்கு. அத மாத்தினது யாரு?”

“அது... மாத்தப்பட்டுது மேடம்.”

பேனா நின்றது. “யாரால?”

முத்திரை அக்கா தன் வலது கையைப் பார்த்தாள்.

“நான்தான் மாத்தினேன்” என்றாள்.

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தாள்.

“அப்ப உங்க வேலைய நீங்களே ஆராயப் போறீங்க. தேர்வாளர் சும்மா விடமாட்டார். தன்னக் காப்பாத்திக்க எழுதினாங்கம்பார், இல்ல ஆபீஸ்மேல கோபத்துல எழுதினாங்கம்பார். உங்களுக்கு அங்க வேலை வேற இருக்கு. தண்ணி வரி, குப்பைன்னு வேற எதாவது எடுத்தா நிம்மதியா முடிக்கலாம். இது உங்களோட கடைசி வருஷம், இல்லையா?”

“கடைசி வருஷம்தான்.”

“அப்புறம் எதுக்கு வம்ப வெலைக்கு வாங்கணும்?”

“முதல் பக்கத்துலயே எழுதிடறேன் மேடம். இந்த வாசகத்த எழுதினது நான், இந்தக் கடிதத்துல கையெழுத்து போட்டது நான்னு. அதுக்கு மேல அவர் என்ன கேப்பார்? ரெண்டு பதிவேடும் இருக்கு, யார் வேணா எண்ணிப் பாத்துக்கட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “வேற தலைப்புல பட்டம் வாங்கலாம். வாங்கிட்டுத் திரும்ப அதே ஜன்னல்ல உக்காந்து அதே வாசகத்த என்னால எழுத முடியாது.”

ஆசிரியை கையை நீட்டினாள். படிவத்துக்குத்தான் என்று புரிய முத்திரை அக்காவுக்கு ஒரு நொடி பிடித்தது.

‘நெறியாளர் குறிப்பு’ என்ற கட்டத்தில் எல்லாரும் ‘சம்மதம்’ என்று ஒரு சொல் போடுவார்கள். சிவப்பு மை எழுதிக்கொண்டே போனாள். பயந்துகொண்டே திருப்பி வாங்கிப் படித்தாள் முத்திரை அக்கா. ‘இவரை நான் நெறிப்படுத்துவேன். ஒவ்வொரு செவ்வாயும் மாலை ஐந்தரைக்கு இந்த அறையில் சந்திப்போம். முதல் அத்தியாயத்தை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி இவர் தருவார், இருபத்தைந்தாம் தேதி நான் திருத்தித் தருவேன்.’ கீழே கையெழுத்து, முழுப் பெயர், தேதி.

யார், எதை, எப்போது. ஒன்பது வருடமாக இப்படி ஒரு பதில் கடிதத்தை அவள் எழுதியதில்லை.

“உங்க சீல மட்டும் இதுல குத்திடாதீங்க” என்றாள் ஆசிரியை. சிரிக்கிறாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலைத் திறப்பதற்கு முன்னால் முத்திரை அக்கா மின்பிரிவுக்கு நடந்தாள். தையல்கடை அம்மாவின் மனுவை உதவியாளர் முன்னால் வைத்து, எந்த நாள் என்று கேட்டாள். பல்ப் வரவில்லை, ஏணி வண்டி கிடைக்கவில்லை, இருக்கிற ஆள் இரண்டு பேர்தான் என்று அவன் அடுக்கினான். எல்லாமே உண்மைதான். “சரி, அதெல்லாம் வெச்சுத்தான் கேக்கறேன். எந்த நாள்?” என்று அங்கேயே நின்றாள். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “புதன்கிழமை பத்து மணிக்கு வர்றேன்க்கா. போதுமா?” என்றான் அவன்.

மாலை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு வந்தவர்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்று வழியெல்லாம் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் படிவத்தை வாங்கி, முத்திரை குத்தினார். குத்து அவ்வளவாகச் சரியில்லை, ஓரத்தில் மை பிடிக்கவில்லை. சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

‘விண்ணப்பம் பெறப்பட்டது. முடிவு பின்னர் தெரிவிக்கப்படும்.’

முத்திரை அக்கா படித்தாள். நகரவில்லை.

“யாரு தெரிவிப்பாங்க?”

“தெரிவிக்கப்படும்னு போட்டிருக்கே” என்றார் எழுத்தர்.

“போட்டிருக்கு. யாரு? எப்போ?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பின்னால் வரிசை ஒன்றும் இல்லை. அவள் ஜன்னல் திண்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பொறுமையாக நின்றாள். அவசரப்படுத்துகிறவர்களைச் சமாளிப்பது எப்படி என்று அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும், நிற்கிறவர்களை என்ன செய்வது என்றுதான் தெரியாது. இது அவளுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

“குழு திங்கக்கிழமை கூடுதும்மா. நெறியாளர் கையெழுத்து இருக்கிறத நிறுத்தமாட்டாங்க. உங்களுக்குப் பயமே வேணாம்.”

“பயம் இல்லீங்க. அதையே இதுல எழுதிக் குடுங்க.”

அவர் சீட்டைத் திரும்ப வாங்கினார். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்பதை அடித்துவிட்டு, ‘செவ்வாய் காலை பதினொரு மணிக்கு நான் சொல்கிறேன்’ என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, தன் பெயரையும் போட்டார். ஒரு சீட்டில் தன் பெயரை எழுதுவது அவருக்கே புதுசாக இருந்திருக்க வேண்டும். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

முத்திரை அக்கா வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு பையிலிருந்து அலுவலகத்தின் அச்சடித்த பதில் தாள் ஒன்றை எடுத்து, வாசகத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, பின்பக்கம் திருப்பித் தையல்கடை அம்மாவுக்கு எழுத ஆரம்பித்தாள்.

‘மின்பிரிவு உதவியாளர் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். வரவில்லை என்றால் மூன்றாம் எண் ஜன்னலில் என்னைக் கேளுங்கள்.’

கீழே கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே அப்பா அம்மா வைத்த பெயரை முழுசாக எழுதினாள். மடிக்கப் போனவள் மறுபடி பிரித்து, பெயருக்கு அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள்.

‘ஏணி நிறுத்த இடம் விட்டு வையுங்கள்.’